கைத்தொலைபேசியின் சாவி யாரிடம் இருக்கிறது?

தொழுகை நேரத்தைச் சொல்லும் செயலி ஒன்று, தொழுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதை வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது என்ற செய்தி 2020 நவம்பரில் வெளியானது. அமெரிக்காவிலிருந்து இயங்கிய 'மதர்போர்ட்' என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் அதனை வெளியிட்டது. செயலியின் பெயர் 'முஸ்லிம் ப்ரோ'. 98 மில்லியனுக்கும் அதிகமான தடவைகள் அது தரவிறக்கப்பட்டிருந்ததாக அச்செய்தி கூறியது. பாவனையாளரின் இருப்பிடத்தை அச்செயலி 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வியாபார நிறுவனத்துக்கு அனுப்பியது. அந்நிறுவனம் தான் சேர்த்தவற்றை ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றது. அவர்கள் வழியாக அது அமெரிக்க இராணுவத்தைச் சென்றடைந்தது. இதுதான் செய்தியின் சாரம்.

செயலியை நடத்தியவர்கள், தாங்கள் இராணுவத்துக்குத் தரவு விற்றதாகச் சொல்வது உண்மையல்ல என்று மறுத்தார்கள். கூடவே எக்ஸ்-மோடுடனான தொடர்பை நிறுத்துவதாகவும் அறிவித்தார்கள். இரண்டு கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். விற்றவரும் வாங்கியவரும் நேருக்கு நேர் சந்திக்கத் தேவையே இல்லை. நடுவில் தரகர் இருக்கிறார்.

அத்தோடு முடியவில்லை. 2021 ஜனவரியில் 'ஸலாத் பெஸ்ட்' என்ற இன்னொரு தொழுகை நேரச் செயலி, 'பிரெடிசியோ' என்ற பிரெஞ்சு நிறுவனத்துக்கு இருப்பிடத் தரவு அனுப்பியது தெரியவந்தது. 2022 மார்ச்சில் கூகுள் நிறுவனம் தனது செயலிக் கடையிலிருந்து பல செயலிகளை அகற்றியது. தரவைச் சேகரிக்கும் ஒரே வகையான மென்பொருள் துண்டு அவை எல்லாவற்றுக்குள்ளும் ஒளிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததே காரணம். அவற்றிலும் தொழுகை நேரச் செயலிகள் இருந்தன. இதில் நம்மைத் தேடி வந்து குறிவைத்தார்கள் என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டியதில்லை. அதே எக்ஸ்-மோட்டுக்குத் தரவு அனுப்பிய செயலிகளில், நடக்கும் அடிகளை எண்ணுவதும், புயல் பார்ப்பதும், சுவரில் தட்டு அடிக்கும்போது மட்டம் பார்ப்பதும் இருந்தன. வலை எல்லாருக்கும் விரிக்கப்பட்டது. ஆனால் அந்த வலையில் ஐந்து நேரமும் தவறாமல் போய் விழுந்தவர்கள் நாம்.

நான் கணினி படித்தவன் இல்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறவன். கடந்த சில வருடங்களாக இந்த விஷயத்தை விளங்கிக்கொள்ள முயன்று, கடைசியில் எனது போனின் இயங்குதளத்தையே மாற்றிப் பாவித்து வருகிறேன். தமிழில் இதைப் பற்றி ஆறுதலாக விளக்கி எழுதியவை குறைவு என்பதால், நான் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

'நம்மட போன்ல என்ன இரிக்கி?'

ஆசிரியர் ஓய்வறையில் இந்தப் பேச்சு எழும்பினால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "நம்மட போன்ல என்ன சேர் இரிக்கி? களவெடுத்த சாமானா? பாக்கிறவன் பாத்துட்டுப் போகட்டுமே." நியாயமாகப் படும் கேள்விதான். நான் வழக்கமாகத் திருப்பிக் கேட்பது இது: "உங்கட போன்ல உங்கட சாமான் மட்டுமா இரிக்கி?"

ஒரு வகுப்பாசிரியரின் போனை எடுத்துப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளின் பெற்றோர் இலக்கங்கள் இருக்கும். எந்தப் பிள்ளையின் வாப்பா வெளிநாட்டில், எந்த வீட்டில் உம்மாவும் பிள்ளைகளும் தனியே என்பது வட்ஸ்அப் செய்திகளில் இருக்கும். சுகமில்லாத பிள்ளையின் மருத்துவச் சீட்டு படமாக இருக்கும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரின் போனில் ஸகாத் பெறத் தகுதியானவர்களின் பட்டியல் இருக்கும். காதியார் ஒருவரின் போனில் எத்தனை குடும்பங்களின் பிரச்சினை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இவை ஒன்றும் அந்தப் போன்காரரின் சொத்து இல்லை. மற்றவர்கள் நம்பித் தந்தவை. நமது பாஷையில் சொன்னால் அமானிதம். என்னைப் பார்த்தால் பரவாயில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு. மற்றவர்களுக்காக அப்படிச் சொல்லும் உரிமையை யாரும் எனக்குத் தரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தரவு மாறுவதில்லை; அதை வாசிக்கிறவர் மாறுவார். வெள்ளிக்கிழமை மதியம் ஒருவர் எந்தப் பள்ளிவாசலில் நின்றார் என்பது இன்றைக்கு வெறும் செய்தி. நாளைக்கு அது ஒரு பட்டியலாகலாம். 2018 மார்ச்சையும் 2019 ஏப்ரலையும் கடந்து வந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சாதாரணமாக இருந்த எத்தனையோ விஷயங்கள் ஒரே இரவில் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயங்களாக மாறியதைக் கண்டவர்கள் நாம்.

தரவு எப்படி வெளியே போகிறது?

செயலி ஒன்றை ஒருவர் முழுவதுமாகத் தானே எழுதுவது அபூர்வம். விளம்பரம் காட்ட ஒரு துண்டு, எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று எண்ண ஒரு துண்டு, வரைபடம் காட்ட ஒரு துண்டு என்று மற்றவர்கள் ஆயத்தமாக எழுதி வைத்தவற்றை எடுத்துச் சேர்ப்பார்கள். எக்ஸ்-மோட் போன்ற நிறுவனங்கள் இப்படியொரு துண்டை எழுதி, "உங்கட செயலிக்குள்ள இதை வையுங்க, காசு தாறம்" என்று செயலிக்காரர்களிடம் கொடுத்தன. இலவசச் செயலியை நடத்துபவருக்கு அது வருமானம்.

முக்கியமான இடம் இனித்தான் வருகிறது. 'இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா?' என்று போன் கேட்கிறது. கிப்லாத் திசையும் தொழுகை நேரமும் சரியாகத் தெரியவேண்டுமே என்று நாம் சம்மதிக்கிறோம். அந்தச் சம்மதம் செயலி முழுவதற்குமானது. உள்ளே இருக்கும் வேற்றாளின் துண்டுக்கும் அதே சம்மதம் செல்லுபடியாகும். வீட்டுக்கு வர்ணம் பூச ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் கூட்டிவந்த முகம் தெரியாத ஆளும் எல்லா அறைக்குள்ளும் போய்வருகிறார். கதவைத் திறந்து விட்டது நாம்தான் என்பதால் கேட்கவும் முடியவில்லை.

இப்படி வெளியே போகும் தரவில் நமது பெயர் இருக்காது. அதற்குப் பதிலாக விளம்பர அடையாள இலக்கம் என்று ஒன்று இருக்கும். அண்ட்ராய்ட் போன் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நீண்ட இலக்கம் உண்டு. அந்த போனில் உள்ள எல்லாச் செயலிகளும் அதை வாசிக்கலாம். தொழுகைச் செயலி ஒரு பக்கம், விளையாட்டுச் செயலி ஒரு பக்கம், காலநிலைச் செயலி ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போகும் துணுக்குகளை ஒரே ஆளின் கணக்கில் கோத்துக் கட்டும் நூல் அதுதான்.

'பெயர்தான் இல்லையே' என்று ஆறுதல்பட முடியாது. 2013இல் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 15 இலட்சம் பேரின் பதினைந்து மாதத் தொலைபேசி இருப்பிடப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் போதும், 95 சதவீதமானோரை மற்ற எல்லாரிடமிருந்தும் தனியாகப் பிரித்தெடுக்கலாம் என்று கண்டார்கள். யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. இரவு முழுக்க ஒரு வீட்டில், காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை ஒரு பாடசாலையில், மஃரிபுக்கு ஒரு பள்ளிவாசலில் இருக்கும் போன் யாருடையது என்று நமது ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

செயலியோடு முடிகிற கதையா?

அப்படியென்றால் அந்தச் செயலியை அழித்துவிட்டால் போதாதா? பாதி போதும். மற்றப் பாதி, செயலிகளுக்கு அடியில் இருக்கும் இயங்குதளத்தில் இருக்கிறது.

போனை இயக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். கமெராவைத் திறப்பதா, இருப்பிடத்தைச் சொல்வதா, எந்தச் செயலிக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பது அதுதான். வீட்டின் சாவிக்கொத்து அதன் கையில். நாம் பாவிக்கும் போன்களில் பெரும்பாலானவை அண்ட்ராய்ட். அண்ட்ராய்டின் அடிப்படை திறந்த மூலமாக, யாரும் எடுத்து மாற்றக்கூடியதாக வெளியிடப்படுகிறது. ஆனால் கடையில் வாங்கும் போனில் அதற்கு மேலே கூகுளின் சேவைகள் பூசப்பட்டு வருகின்றன. அவற்றுக்கு மற்றச் செயலிகளுக்கு இல்லாத விசேட அதிகாரம் உண்டு. சாதாரண வழியில் அவற்றை அகற்ற முடியாது.

அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021இல் இதை அளந்து பார்த்தார். கூகுள் பிக்சல் போனும் ஐபோனும், எல்லா அமைப்புகளையும் குறைத்து வைத்து, யாரும் தொடாமல் சும்மா கிடக்கும்போதே சராசரியாக 4.5 நிமிடங்களுக்கு ஒரு தடவை தத்தம் நிறுவனத்துக்குத் தரவு அனுப்பின. கூகுள் அந்த அளவீட்டு முறையை ஏற்கவில்லை. அதே வருடம் அவரும் மற்றவர்களும் சாம்சங், ஷாவ்மி, ஹுவாவி, ரியல்மி போன்களையும் ஆராய்ந்தார்கள். சும்மா கிடக்கும் இந்த போன்களும் தயாரித்த நிறுவனத்துக்கும், முன்கூட்டியே பதிந்து வந்த செயலிகளின் சொந்தக்காரர்களுக்கும் கணிசமான தகவல்களை அனுப்பின. விதிவிலக்காக நின்றது ஒன்றே ஒன்று. 'ஈ ஓஎஸ்' என்ற, கூகுள் சேவைகள் நீக்கப்பட்ட இயங்குதளம்.

அமைப்பில் 'இருப்பிட வரலாறு' என்பதை நிறுத்திவைத்தாலும் கூகுளின் சில சேவைகள் இருப்பிடத்தைப் பதிந்துகொண்டே இருந்தன என்பதை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொணர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 391.5 மில்லியன் டொலர் செலுத்த கூகுள் உடன்பட்டது. பொத்தானை நாம் அமத்தலாம். அந்தப் பொத்தான் எதை நிறுத்தும் என்பதைத் தீர்மானிப்பவர் வேறொருவராக இருந்தார் என்பதே இதன் பாடம்.

இயங்குதளத்தை மாற்றினால் என்ன மாறும்?

அண்ட்ராய்டின் திறந்த மூலத்தை எடுத்து, கூகுளின் பூச்சை நீக்கி, தனியுரிமைக்கு முதலிடம் கொடுத்துச் செய்யப்பட்ட இயங்குதளங்கள் சில உண்டு. லினேஜ் ஓஎஸ், ஈ ஓஎஸ், கிராபீன் ஓஎஸ் என்பவை அவற்றில் அறியப்பட்டவை. லினேஜ் பழைய போன்கள் பலவற்றிலும் ஓடும். பிரான்சின் கேல் டுவால் தொடக்கிய ஈ ஓஎஸ், கணினி அதிகம் தெரியாதவர்களையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது. நான் பாவிப்பது கிராபீன் ஓஎஸ். கனடாவில் பதிவான இலாப நோக்கற்ற அமைப்பொன்று நன்கொடைகளைக் கொண்டு இதை நடத்துகிறது. இலவசமாகவே கிடைக்கிறது.

அதில் எனக்கு மிகவும் பயன்பட்ட வசதி மிகவும் சின்னது. ஒவ்வொரு செயலிக்கும் 'இணைய அனுமதி' என்று தனியான ஓர் ஆளி இருக்கிறது. சாதாரண அண்ட்ராய்டில் இருப்பிடம், கமெரா, ஒலிவாங்கி ஆகியவற்றுக்கு அனுமதி கேட்பார்கள்; இணையத்தைப் பாவிக்க நம்மிடம் கேட்பதில்லை. இங்கே அதையும் நாம் தீர்மானிக்கலாம். இணையம் இல்லாத செயலி என்னத்தைத் தெரிந்துகொண்டாலும், அதை நேரே யாருக்கும் கொண்டுபோய்ச் சொல்ல வழியில்லை.

தொழுகை நேரத்தையே எடுத்துக்கொள்வோம். ஸுபஹ் முதல் இஷா வரையிலான நேரங்கள் சூரியனின் நிலையிலிருந்து கணிக்கப்படுபவை. அதற்குத் தேவை மூன்று விஷயம்: திகதி, ஊரின் அகலக்கோடு, நெடுங்கோடு. ஊர் இடம் மாறுவதில்லை. ஒருமுறை ஊரின் பெயரைக் கொடுத்தால், இந்த நூற்றாண்டு முழுவதுக்குமான நேரத்தைப் போனே கணித்துக்கொள்ளும். கிப்லாவும் அப்படித்தான். இலங்கையிலிருந்து அது மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த நிலையான ஒரு திசை. போனில் உள்ள திசைகாட்டி உணரி அதைக் காட்டும். ஆக, நாம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதை நாள் முழுக்க அறிந்துகொண்டிருக்க வேண்டிய தேவை தொழுகை நேரச் செயலிக்கு இல்லவே இல்லை. பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணை எத்தனையோ வருடமாக யாரையும் பின்தொடராமல் இதே வேலையைச் செய்துவருகிறது.

இரண்டாவது வசதி தொடர்பு இலக்கங்கள் பற்றியது. ஒரு செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால், பட்டியல் முழுவதையும் கொடுக்காமல் நாம் தெரிவு செய்த இலக்கங்களை மட்டும் காட்டலாம். செயலி தனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொள்ளும். படங்களுக்கும் கோப்புகளுக்கும் இப்படியே செய்யலாம். பெற்றோரின் இலக்கங்களை அமானிதம் என்று மேலே சொன்னேன். அந்த அமானிதத்தைப் பேண எனக்குக் கிடைத்த நடைமுறை வழி இது.

மூன்றாவது, கூகுள் சேவைகள் வேண்டுமென்றால் அவற்றையும் பதிந்துகொள்ளலாம். ஆனால் விசேட அதிகாரம் இல்லாத சாதாரணச் செயலியாகவே அவை ஓடும். வீட்டுக்காரராக இருந்தவர் விருந்தாளியாக வருகிறார். அவர் எந்த அறைக்குள் வரலாம் என்று நாம் சொல்கிறோம். இந்த ஏற்பாட்டில் வட்ஸ்அப் ஓடுகிறது, வரைபடம் ஓடுகிறது, பிள்ளைகளுக்கு நிகழ்நிலை வகுப்பு நடத்தும் செயலியும் ஓடுகிறது.

பாவித்துப் பார்த்ததில்

முதலில் ஒரு வேடிக்கை. கூகுளிடமிருந்து விலகுவதற்கு கூகுளின் போனையே வாங்க வேண்டியிருந்தது. நான் இதை எழுதும்போது கிராபீன் ஓஎஸ் கூகுள் பிக்சல் போன்களில் மட்டுமே ஓடுகிறது. காரணம் இருக்கிறது. போன் உயிர் பெறும்போது முதலில் ஓடும் சிறிய நிரலை பூட்லோடர் என்பார்கள். தயாரிப்பாளரின் இயங்குதளத்தைத் தவிர வேறெதையும் அது ஏற்காதபடி பூட்டியிருக்கும். பிக்சலில் அந்தப் பூட்டைத் திறந்து, புதிய இயங்குதளத்தை வைத்து, மறுபடி பூட்டவும் முடிகிறது. வேறு பல போன்களில் திறக்கவே விடுவதில்லை. திறந்தால் திரும்பப் பூட்ட முடிவதில்லை. பூட்டாத போன் களவு போனால், எடுத்தவர் அதன் மென்பொருளை மாற்றிக் குழப்புவது இலகு. பழைய போனில் லினேஜ் வைப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும். தனியுரிமை ஒன்று, பாதுகாப்பு இன்னொன்று. ஒன்றைத் தேடிப்போய் மற்றதை இழக்கக்கூடாது.

பிக்சலை இங்கே வாங்க விரும்புவோர் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். முதலாவது, அமெரிக்காவிலிருந்து வரும் பாவித்த போன்களில் சில, அங்குள்ள தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் பெயரில் விற்கப்பட்டவை. அவற்றில் பூட்லோடரைத் திறக்கும் வசதி முடக்கப்பட்டிருக்கலாம். வாங்குமுன் அமைப்புக்குள் போய் 'ஓ.இ.எம். அன்லொக்கிங்' என்ற ஆளியை இயக்க முடிகிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள். மங்கலாகத் தெரிந்து இயங்க மறுத்தால் அந்த போன் இதற்குச் சரிவராது. இரண்டாவது, போனின் ஐ.எம்.இ.ஐ. இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாற்றும் வேலை பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரு கணினியும் நல்ல கேபிளும் போதும். உலாவியிலேயே படிப்படியாக வழிகாட்டுகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. போனில் இருந்த அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், படங்களையும் இலக்கங்களையும் முதலில் வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

சிரமங்களும் உண்டு. வங்கிச் செயலிகளில் சில, போன் கூகுள் அங்கீகரித்த மென்பொருளில் ஓடுகிறதா என்று சரிபார்க்கும். இல்லையென்றால் திறக்காது. எனது இரண்டு வங்கிகளில் ஒன்றின் செயலி ஓடுகிறது, மற்றது ஓடவில்லை. அதன் அலுவல்களை உலாவி மூலமும் சில நேரம் வங்கிக்கே போயும் செய்கிறேன். கிராமத்திலிருந்து டவுனுக்குப் போய்த்தான் வங்கியைக் காண வேண்டிய ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. அப்படியானவருக்கு 'மாத்துங்க' என்று நான் சொல்லமாட்டேன். உம்மாவின் போனை நான் மாற்றவில்லை. அவவுக்கு வேண்டியது பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதும் பயான் கேட்பதும். அதற்கு இடையூறு இல்லாமல் சில அமைப்புகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

இயங்குதளத்தால் முடியாதவை

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை விளம்பரமாகிவிடும். எந்த இயங்குதளத்தை வைத்தாலும், சிம் போட்ட போன் பக்கத்திலுள்ள கோபுரத்தோடு பேசியே ஆக வேண்டும். எந்தக் கோபுரத்தின் கீழ் நிற்கிறோம் என்பது சேவை வழங்குநருக்குத் தெரியும். சிம் நமது அடையாள அட்டை இலக்கத்தில்தான் பதிவாகியிருக்கிறது. வட்ஸ்அப்பில் எழுதுவது மறைகுறியாக்கப்பட்டுப் போனாலும், யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விபரம் அந்நிறுவனத்துக்குத் தெரியவரும். கூகுள் கணக்கில் உள்நுழைந்து தேடினால் தேடியது கூகுளுக்குத் தெரியும். முகநூலில் நாமே எழுதிப் போடுவதை எந்தப் பூட்டும் காக்காது. நீதிமன்றமோ பொலிசோ சட்டப்படி கேட்பதிலிருந்து தப்புவதற்கான கருவியும் இதுவல்ல. நான் அந்த நோக்கத்தோடு இதை எழுதவுமில்லை. நமக்குத் தெரியாமல், நாளாந்தம், காசுக்காக நடக்கும் சேகரிப்பைக் குறைப்பதே இதன் வேலை.

சட்டத்தின் வேலையைப் போன் செய்யவும் முடியாது. நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்னர் தள்ளிப்போடப்பட்டது. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, எக்ஸ்-மோடும் அதன் வழிவந்த நிறுவனமும் வணக்கத்தலங்கள், மருத்துவ நிலையங்கள் போன்ற இடங்களுக்குப் போய்வந்தவர்களின் இருப்பிடத் தரவை விற்பதற்குத் தடை போட்டது. முதல் செய்தி வந்து மூன்று வருடம் கழிந்த பிறகு. அந்த மூன்று வருடத்துக்கு முன் விற்றுத் தீர்ந்தவை யாரிடம் இருக்கின்றன என்பதை எந்தத் தடையும் திருப்பிச் சொல்லாது.

போனை மாற்றாமலே செய்யக்கூடியவை

எல்லாரும் இயங்குதளத்தை மாற்றப் போவதில்லை, மாற்றவும் தேவையில்லை. கையிலுள்ள போனிலேயே கால் மணித்தியாலத்தில் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. உம்மாவின் போனில் நான் செய்தவையும் இவைதான்.

ஒன்று, அமைப்புக்குள் கூகுள் என்ற பகுதியில் விளம்பரங்கள் என்ற இடத்துக்குப் போய் விளம்பர அடையாள இலக்கத்தை அழித்துவிடுங்கள். அண்மைய அண்ட்ராய்ட் போன்களில் இந்த வசதி இருக்கிறது. கோத்துக் கட்டும் நூல் அறுந்துவிடும். ஐபோன் வைத்திருப்போருக்கு 2021 ஏப்ரலிலிருந்து, 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா?' என்ற கேள்வி வருகிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இரண்டு, இருப்பிட அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். 'எப்போதும்' என்று இருப்பவற்றை 'பாவிக்கும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். அண்ட்ராய்ட் 12இலிருந்து துல்லியமான இடம், உத்தேசமான இடம் என்று தெரிவு செய்யலாம். தொழுகை நேரத்துக்கு உத்தேசமானதே போதும். ஊரின் பெயரைக் கையால் கொடுக்க முடியுமென்றால் அனுமதியை முற்றாகவே எடுத்துவிடலாம்.

மூன்று, ஆறு மாதமாகத் திறக்காத செயலிகளை அழித்துவிடுங்கள். டோர்ச்சுக்கு, கணிப்பானுக்கு, திசைகாட்டிக்கு எனத் தனியே பதிந்தவை பல போன்களில் சும்மா கிடக்கின்றன. போனிலேயே இருக்கும் வசதி அவற்றுக்குப் போதும்.

நான்கு, புதிய செயலி ஒன்றைப் பதியுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது செய்யும் வேலைக்கு இது கேட்கும் அனுமதி தேவைதானா? குர்ஆன் ஓதும் செயலிக்கு நமது தொடர்புப் பட்டியல் எதற்கு? பெயரில் இஸ்லாம் இருப்பதும் சின்னத்தில் பிறை இருப்பதும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இந்த நான்கையும் நமது பாடசாலைகளில் பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையில் சொல்லிக் கொடுக்கலாம். அவர்கள்தான் வீட்டில் உம்மா, வாப்பா, மூத்தம்மா எல்லாருக்கும் போன் திருத்திக் கொடுப்பவர்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் ஓர் அரை மணித்தியாலம் இதற்காக ஒதுக்கினாலும் பிழையில்லை. அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்றும், பிறரைத் துருவித் துருவி ஆராயக் கூடாது என்றும் குர்ஆனிலிருந்தே கற்றுக்கொண்ட சமூகத்துக்கு இந்தப் பாடம் புதிதாக இருக்காது.

இயங்குதளத்தை மாற்றுவதா இல்லையா என்பது அவரவர் தேவையையும் வசதியையும் பொறுத்தது. பிறரின் அமானிதங்களைப் போனில் சுமப்பவர்கள், அதாவது ஆசிரியர்கள், காதிகள், பள்ளிவாசல் நிர்வாகிகள், ஊடகக்காரர்கள், வைத்தியர்கள் ஆகியோர் மற்றவர்களைவிடச் சற்று முன்கூட்டியே இதை யோசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மற்ற எல்லாரும், இன்றிரவு இஷாவுக்குப் பிறகு, தங்கள் தொழுகை நேரச் செயலியின் அனுமதிப் பட்டியலை ஒருதரம் திறந்து பார்த்தால் போதும்.